தோழியிடம் சொன்னது

முனைவர் பட்டத்துக்காகச் சிறு பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தை வைத்துப் பேச அவர்கள் எந்த வயதில் கற்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. பெரியகுளத்திலிருந்து பஸ் பிடித்துத் தேவாரத்தில் ஒரு பள்ளிக்குப் போவேன். தீப்பெட்டி அளவு ரெக்கார்டரைச் சின்னத் துணிப்பையில் போட்டுப் பிள்ளையின் சட்டையில் ஊக்கால் குத்திவிடுவேன். பெற்றோர் சம்மதத் தாளில் கையெழுத்திட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் அந்தப் பையை மறந்துவிடுவார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஒருநாள் வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வயதுப் பெண் ஒருத்தி, சொப்புச் சாமான் வைத்து விளையாடியபடி தோழியிடம் சொன்னாள்: "எங்கம்மா குளிக்கிறப்ப கொழாயத் தெறந்து விட்டுட்டு அழுவாக. எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரியாது."

மாதக்கணக்கில் நான் தேடிய வாக்கியம். முதலில் வந்தது சந்தோஷம்தான்; எழுதி, அடியில் கோடும் போட்டேன். பிறகே அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் பிடிக்கும் அவசரத்தில் தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டவர். தன் அழுகையும் பதிவில் வரும் என்று எப்படி நினைத்திருப்பார்?

"பெயரை எடுத்துவிட்டால் போதுமே" என்றார் என் பேராசிரியர். விதிப்படி சரிதான்.

மறுவாரம் அந்தப் பெண்ணைத் தனியே அழைத்துக் கேட்டேன். "அம்மா அழுவாகன்னு சொன்னேல்ல, அது இந்த மெஷின்ல இருக்கு. நான் வச்சுக்கிரவா?"

அவள் முகம் சுருங்கியது. "நான் அவகிட்டத்தான சொன்னேன். நீங்க ஏன் கேட்டீக?"

"தப்புத்தான். அழிச்சிருவோமா?"

பொத்தானை அவளே அழுத்தினாள். "எங்கம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?"

"இல்ல. சொல்ல மாட்டேன்."

அன்று மாலை கணினியிலிருந்த பிரதியையும் அழித்தேன்.

அதன்பின் தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டுவிட்டுத்தான் பையைக் குத்துவேன். "இன்னைக்கு வேணாங்க்கா" என்று அவள் சில நாள் சொல்வாள். சில நாள் தானே வந்து நிற்பாள். ஆய்வேட்டில் எடுத்துக்காட்டுகள் குறைந்தன. தேர்வாளர் காரணம் கேட்டார்; பிள்ளைகள் மறுத்தார்கள் என்றேன்.

ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஏன் அழுகிறார் என்று கேட்க எனக்கு வழியில்லை. எனக்குத் தெரிந்திருக்கக் கூடாத சங்கதி அது.

"எம் புள்ள நல்லாப் பேசுதாம்மா?" என்றார்.

"ரொம்ப நல்லாப் பேசுறாக்கா."

அவர் சிரித்தார். ஜீப் வந்தது. கூட்டத்தோடு ஏறிப் போனார்.