பையோடு நின்று சொன்ன சாட்சி

1. பௌர்ணமி ரவுண்ட்ஸ்

ஆபரேஷன் ஆகி, லீவு முடிந்து, நான் மறுபடி டியூட்டிக்குப் போன முதல் நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் ஊருக்குள் பஸ் விடவில்லை. வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனேன். வழியில் யாரோ தோளில் மாட்டியிருந்த மூட்டை என் வயிற்றின் இடது பக்கத்தில் இடித்தது. வலிக்கவில்லை. அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஃபீமேல் சர்ஜிகல் வார்டில் நான் இன்சார்ஜ் சிஸ்டர். பெயர் ஜெயசீலி. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். நர்ஸிங் முடித்துப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எனக்கு வந்தது ரெக்டத்தில், அதாவது மலக்குடலில், கேன்சர். கட்டி ரொம்பக் கீழே இருந்ததால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் பெருங்குடலின் முனையை வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். மலம் அது வழியாக வந்து, வயிற்றில் ஒட்டியிருக்கும் பையில் சேரும். எனக்கு அது ஆயுசுக்கும் உண்டு. நூற்றுக்கணக்கான பேஷண்டுகளுக்கு அந்தப் பையை மாற்றியவள் நான். என் வயிற்றில் அதை ஒட்டியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் தேவதாஸைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஆபரேஷனை வெளியூரில் செய்துகொண்டதால் எங்கள் ஆஸ்பத்திரியிலும் யாருக்கும் தெரியாது. கட்டியை எடுத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் அவர்கள் அறிந்தது.

அன்று காலை ரவுண்ட்ஸில் எங்கள் சர்ஜன், இரண்டு ஸ்டாஃப் நர்ஸ்கள், நான். குப்பம்மா என்ற பேஷண்டின் கட்டிலுக்கு வந்தோம். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். சொந்தக் கழனியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். ஏறக்குறைய என் வயது. அவருக்கும் அந்த வாரம்தான் ஸ்டோமா வைத்திருந்தார்கள். பையை மாற்றப் போனால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்கிறார், மருமகளைக்கூடக் கிட்டே விடுவதில்லை, வீட்டுக்கே போகமாட்டேன் என்கிறார் என்று ஸ்டாஃப் எனக்கு டியூட்டி மாறும்போது ஹேண்ட் ஓவரில் சொல்லியிருந்தார்கள்.

சர்ஜன் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நாற்றம் வந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இடுப்பில் ஈரம். காலையில் வாங்கிய இடியில் பையின் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது.

சர்ஜன் நிமிர்ந்தார். "என்ன ஸ்மெல் இது? யாருக்கு லீக் ஆகுது?"

ஒரு ஸ்டாஃப் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டாள். நான் ஃபைலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். காது மடல் சுட்டது.

கட்டிலில் படுத்திருந்த குப்பம்மா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார்.

"என்துதான் சார்," என்றார். "அவுந்துக்கிச்சி. சிஸ்டரு மாத்திடுவாங்க. நீங்க அந்தாண்ட போங்க."

"பாத்துக்கோங்க சிஸ்டர்," என்று சொல்லிவிட்டு சர்ஜன் அடுத்த கட்டிலுக்குப் போனார். மற்ற இருவரும் கூடவே போனார்கள்.

2. ஸ்க்ரீனுக்குள்ளே

நான் கட்டிலைச் சுற்றி ஸ்க்ரீனை இழுத்துவிட்டேன். குப்பம்மாவின் பையைப் பார்த்தேன். ஒட்டு நன்றாக இருந்தது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"என்துல ஒண்ணுமில்ல," என்றார் மெதுவாக. "உன் வெள்ளப் பொடவைல கறை தெரியுது. நான் படுத்துனு கீறேனா, என் கண்ணுக்கு நேரா கீது. போய் மாத்திக்கினு வா. யாராச்சும் கேட்டா உள்ள கீறாங்கனு சொல்லிக்கிறேன்."

சொந்த மருமகளுக்குக் காட்டக் கூசியவர், ஒரு டாக்டர் முன்னாலும் இரண்டு சின்னப் பெண்கள் முன்னாலும் "என்துதான்" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது நன்றி இல்லை, வெட்கம் மட்டும்தான். பேஷண்டைக் காப்பாற்ற வேண்டியவளை ஒரு பேஷண்ட் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டதே என்ற வெட்கம்.

ஸ்டாஃப் ரூமில் கழுவிக்கொண்டு, புதுப் பை ஒட்டிக்கொண்டு, வேறு புடவை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். ஸ்க்ரீனுக்குள்ளே போய் நின்றேன்.

"உனக்குமா?" என்றார் குப்பம்மா.

தலையசைத்தேன்.

"காட்டு."

எத்தனையோ பேரைப் புடவையை விலக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று என் புடவையை நானே விலக்கினேன். என் பை முன்பக்கம் கண்ணாடி மாதிரி தெரியும் ரகம். குப்பம்மா தலையை உயர்த்தி உற்றுப் பார்த்தார்.

"கோழிக் கொண்டையாட்டம் செவப்பா கீதே. என்துவும் இப்டித்தானா?"

"நீங்க பாக்கவே இல்லையா?"

"இல்ல. பயம்."

"பாக்குறீங்களா?"

போர்வையை அவரே விலக்கினார். முதல் முறையாகத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். அழுதார். நானும் அழுதேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"இத வெச்சிக்கினு குனிஞ்சி மல்லாட்ட புடுங்க முடியுமா சிஸ்டரு?"

"கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம் முடியும்."

"நீ குனி, பாப்போம்."

ஸ்க்ரீனுக்குள்ளே, கட்டில் பக்கத்தில், நான் குனிந்து தரையைத் தொட்டு எழுந்தேன். அவர் என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பை விழவில்லை. "சரி," என்றார். அன்று மாலை மருமகளைக் கூப்பிட்டுப் பையை எப்படி மாற்றுவது என்று என்னைச் சொல்லித்தரச் சொன்னார். இரண்டொரு நாளில் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனார்.

3. சபைக்குத் தெரிந்தது

என் ஆபரேஷனுக்கு முன்னால் எங்கள் சர்ச் சபையார் எனக்காக உபவாசம் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு ஜெபித்தார்கள். ஒரு குறையும் இல்லாமல் நான் பழையபடி எழுந்து வரவேண்டும் என்று கேட்டார்கள். நான் எழுந்து வந்தேன். "எப்படி இருக்காங்க?" என்று கேட்டவர்களிடம் தேவதாஸ் "நல்லா ஆயிட்டா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டபடி பாதியைச் சொன்னார்.

குப்பம்மா வீட்டுக்குப் போன அந்த வாரக் கடைசியில் போதகர் போன் செய்தார்.

"சிஸ்டர், அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை. நீங்க சாட்சி சொல்லணும். ஆண்டவர் முழு சுகம் குடுத்துட்டாருன்னு உங்க வாயால கேட்டா எல்லாருக்கும் விசுவாசம் வளரும்."

"வேற யாராவது சொல்லட்டுமே ஐயா."

"உங்களுக்காக அழுது ஜெபிச்ச சனங்க சிஸ்டர். அவங்க கேக்க வேணாமா?"

சரி என்றேன்.

தேவதாஸிடம் சொன்னேன். "உயிரோட இருக்க. அதுக்கு நன்றி சொல்லு. மத்தத எதுக்கு சொல்ற?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த வாரம் முழுவதும் ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. எனக்கு உயிரைக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அவர் எனக்குக் கொடுத்த உயிர் இந்தப் பையோடுதான் வந்தது. அதைத் தள்ளிவிட்டு எதற்கு நன்றி சொல்வது? பையைச் சொன்னாலோ, இவ்வளவு பேர் உபவாசம் இருந்து கேட்ட ஜெபம் பலிக்கவில்லை என்று சொன்னதாகிவிடாதா? என்னால் அவர்கள் விசுவாசம் குறைந்துவிட்டால்?

4. மைக் முன்னால்

ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னைக் கூப்பிட்டார். "முழு சுகம் பெற்ற நம்முடைய சகோதரி" என்றுதான் கூப்பிட்டார். கைதட்டினார்கள். மைக்கைப் பிடித்தேன்.

"ஆண்டவர் என்னை முழுசா," என்று ஆரம்பித்தேன். அடுத்த வார்த்தை வரவில்லை. எல்லாரும் நான் அழுகிறேன் என்று நினைத்து "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"எனக்குக் கட்டிய எடுத்துட்டாங்க," என்றேன். "உயிரோட இருக்கேன். அதுக்கு ஸ்தோத்திரம். ஆனா பழையபடி ஆகல. என் வயித்துல ஒரு பை இருக்கு. மலம் அதுலதான் வரும். சாகுற வரைக்கும் அப்படித்தான். உங்க யாருக்கும் நான் சொல்லல. வெக்கமா இருந்துது."

முன் வரிசையில் ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. குப்பம்மாவின் பெயரைச் சொல்லாமல் வார்டில் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தம்மா நம்ம சபை இல்ல. என்னை முன்னப்பின்ன தெரியாது. என் நாத்தத்த தன்துன்னு சொன்னாங்க. நம்ம வெக்கத்தை ஆண்டவர் சிலுவைல தன்மேல போட்டுக்கிட்டார்னு சின்ன வயசு ஞாயித்துக்கிழமை கிளாஸ்லேர்ந்து கேட்டுக்கிட்டு வரேன். அது எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிது."

அந்த நேரத்தில் என் வயிற்றிலிருந்து சத்தம் வந்தது. ஸ்டோமாவை நாம் அடக்க முடியாது. காற்று பிரிந்தால் பிரிந்ததுதான். மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஆலயம் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் அடக்கிக்கொண்டார்கள்.

"இதுதான்," என்றேன். மைக்கைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து என் இடத்துக்குப் போனேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

போதகர் மைக்கை வாங்கிக்கொண்டார். பிறகு கண்ணை மூடினார். "ஆண்டவரே," என்றார். "நீங்க உயிர்த்தெழுந்து வந்தப்பவும் உங்க கையில ஆணி அடிச்ச காயம் இருந்துது. அத நீங்க மறைக்கல. தொட்டுப் பாக்கச் சொன்னீங்க. இத்தன வருஷம் பிரசங்கம் பண்ணேன், நான் இத யோசிக்கல. எங்க சகோதரிக்காக ஸ்தோத்திரம்." ஆமென் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய். வெளியே வரும்போது ஒரு அம்மா என் காதுபடவே, "கோயில்ல பேசற விஷயமா இது?" என்றார். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றியது. தேவதாஸ் என்னை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவந்தார். கேட் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, "மைக்க கொஞ்சம் தள்ளிப் புடிச்சிருக்கலாம்," என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார்.

5. அதற்குப் பிறகு

சில நாள் கழித்து எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண் வார்டுக்கு வந்தார். அவருடைய கணவர் சாமுவேல் பாடகர் குழுவில் முன்னால் நின்று பாடியவர். முதுகு வலி என்று சொல்லி ரொம்ப நாளாக ஆலயத்துக்கு வருவதில்லை. அந்தப் பெண் என்னை வராண்டா ஓரத்துக்குக் கூப்பிட்டுப் போனார்.

"அவருக்கு முதுகு வலி இல்லக்கா. உங்களுக்கு இருக்கறதுதான். சத்தம் வரும்னு பயந்துக்கினு வீட்டவிட்டே வரமாட்டேங்கிறாரு. நீங்க சொன்னத நான் போய்ச் சொன்னேன். சத்தம் மைக்ல கேட்டுதானு ரெண்டு தடவ கேட்டாரு."

அன்று டியூட்டி முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாமுவேலின் பையின் ஒட்டு ஸ்டோமாவின் அளவுக்குச் சரியாக வெட்டப்படாமல் சுற்றிலும் தோல் புண்ணாகியிருந்தது. யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு அந்தப் புண்ணோடு இருந்திருக்கிறார். அளவெடுத்து வெட்டிக் காட்டினேன். எந்தச் சாப்பாட்டால் காற்று அதிகமாகிறது என்று சொன்னேன். இது நான் பல காலமாகச் செய்யும் வேலைதான். ஆனால் அன்றைக்கு என் பையையும் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். புண் ஆறியது.

பிள்ளைகளே, வேலையில் நான் கற்றது இதுதான். ஸ்க்ரீனை முழுசாக இழுத்து மூடுங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், படுத்திருப்பவர்கள் உங்கள் கையைவிட உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். "பழகிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நில்லுங்கள்.

விசுவாசத்தில் நான் கற்றதையும் சொல்கிறேன். சுகம் முழுசாக வந்த பிறகு நன்றி சொல்லலாம் என்று நான் காத்திருந்தேன். ஆண்டவர் எனக்காகச் செய்ததில் பாதியை அப்படித்தான் மறைத்து வைத்திருந்தேன். இன்றைக்கும் என் வெட்கம் போகவில்லை. கல்யாண வீட்டில் உட்கார்ந்தால் பயம்தான். முன்பு அந்த வெட்கம் போகட்டும் என்று ஜெபித்தேன். இப்போது அதோடேயே ஜெபிக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமுவேல் ஆலயத்துக்கு வந்தார். பாடகர் குழுவோடு நிற்கவில்லை. கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நான் உட்காரும் இடத்துக்கு நேரே, நடைபாதைக்கு அந்தப் பக்கம், மனைவியோடு நின்றார். பாட்டு ஆரம்பித்ததும் அவர் இடது உள்ளங்கையைச் சட்டைக்கு மேலே வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டார். அப்படி அழுத்தினால் சத்தம் வெளியே அதிகம் கேட்காது. என் கையும் புடவைக்கு மேலே அதே இடத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். முதல் சரணத்தை மெல்லிய குரலில் பாடினார். இரண்டாவது சரணத்தில் அவர் குரல் உயர்ந்தது; முன்னால் நின்ற பாடகர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.