மூன்றாவது சொட்டு

"புதன், காலை 10.40. வெள்ளை: நான்கு சொட்டு. கறுப்பு: ஒரு சொட்டு. மூன்றாவது நிறம்:"

என் நாட்குறிப்பில் ஒட்டியிருக்கும் ஓர் அட்டையின் பின்பக்கம் இப்படி நின்றுவிடுகிறது. முன்பக்கத்தில் விரல்நுனி அகலத்தில் ஆறு நீலப் பொட்டுகள். அவற்றை வைத்தவர், மேற்குத் தாம்பரத்தில் வண்டிப் பெயிண்ட் கலந்து தரும் கடையின் அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முதல் நாள் நான் 'மேடம்' என்றதும், "அக்கான்னே கூப்டுங்க சார். மேடம்னா பின்னாடி யார்னா நிக்கிறாங்களான்னு பாக்கறேன்" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அவர் அக்காதான்.

அவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது என் மச்சானின் ஸ்கூட்டர். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. முதல் வேலை கிடைத்ததும் வாங்கிய வண்டி. அதைத் துடைக்கவே ஒரு தனித் துணி வைத்திருக்கிறான், அந்தத் துணியை வேறு யாரும் தொடக் கூடாது. இரண்டு வாரம் வெளியூர் போகும்போது மனமில்லாமல் சாவியை என்னிடம் தந்தான். திங்கட்கிழமை காலை, பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு கேட் தூணில், அதன் இருக்கைக்குக் கீழே உள்ள வலது பக்க மூடியை ஒரு சாண் நீளத்துக்கு உரசிவிட்டேன். அவன் வெள்ளிக்கிழமை வருகிறான். "இனிமே உங்க கையில சைக்கிள்கூடத் தர மாட்டான்" என்றாள் மனைவி. அதற்குள் நானே பெயிண்ட் அடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதுவரை ஜன்னல் கம்பிக்குக்கூடப் பெயிண்ட் அடித்தவனில்லை.

எனக்கு ஆதாரம் முக்கியம். வண்டியில் ஒட்டியிருந்த தாளில் நிறத்தின் எண் இருந்தது. இரண்டு முறை சரிபார்த்து எழுதிக்கொண்டு போனேன். அக்கா நான் நீட்டிய சீட்டைப் பார்க்கவே இல்லை. "நம்பர் வேணாம் சார். பார்ட்டக் கழட்டினு வாங்க."

கம்பெனியே கொடுத்த எண்ணைவிடச் சரியானது எது என்று கேட்டேன்.

"அது வண்டி பொறந்தப்போ இருந்த கலரு. அப்பால எத்தினி வெயில் தின்னுகீதுன்னு நம்பர்ல எழுதிகீதா?"

நான் விடவில்லை. எண்ணின்படியே எடைபோட்டுக் கலந்து தந்தார். செவ்வாய்க்கிழமை மொட்டை மாடியில், வாடகைக்கு எடுத்த கம்ப்ரஸரோடு அடித்து, காய்ந்ததும் மாட்டிப் பார்த்தேன். வலது பக்கம் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோலவும், இடது பக்கம் ரேஷன் கடைக்குக் கிளம்பியதுபோலவும் இருந்தது. ஐந்து வருட வெயில் நீலத்தை அவ்வளவு சாப்பிட்டிருந்தது.

புதன்கிழமை இரண்டு மூடிகளையும் கழற்றி, மீதிப் பெயிண்டோடு ஆட்டோவில் போனேன். அக்கா சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பெயிண்டில் சொட்டுச் சொட்டாக வேறு நிறம் விட்டுக் கலக்குவார். அட்டையில் ஒரு பொட்டு, பழைய இடது மூடியில் ஒரு பொட்டு; விட்டதை நான் அட்டையின் பின்னால் எழுதிக்கொள்வேன். காய்ந்ததும் இரண்டையும் வாசலுக்கு எடுத்துப் போவார். "ட்யூப் லைட்டு பொய் சொல்லும் சார், ரோட்டுல வந்து பாருங்க." மூடியில் பொருந்தாததைத் தின்னரால் துடைத்துவிடுவார். ஐந்தாவது பொட்டும் ஒத்துவரவில்லை. ஆறாவது பொட்டுக்காக அவர் ஒரு டப்பாவைத் திறந்தபோது என் போன் அடித்தது. மச்சான்.

"மாமா, வண்டி நல்லா இருக்கா? வெயில்ல நிக்க விட்றாதீங்க."

"கண்ணு முன்னாடியே வெச்சிருக்கேன்டா" என்றேன். வண்டியின் இரண்டு துண்டுகளைப் பொறுத்தவரை அது உண்மை.

திரும்பிப் பார்த்தால், மூடியில் வைத்த ஆறாவது பொட்டைக் காணவில்லை. அவ்வளவு பொருந்திவிட்டது. என்ன விட்டீர்கள் என்று கேட்டேன். "வுட்டேன் சார், ஒரு சொட்டு" என்று அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

நான் கிளம்பும்போது ஒரு கண்ணாடி டம்ளரில் மூன்று கோடு போட்டுத் தந்தார்: முதல் கோடு வரை பெயிண்ட், இரண்டாவது வரை ஹார்ட்னர், மூன்றாவது வரை தின்னர். குச்சியைத் தூக்கினால் நூலாக இறங்கிப் பிறகு சொட்ட வேண்டும். "ஹார்ட்னர் ஊத்திட்டா அது இறுகினே போவும், உங்களுக்காக நிக்காது. எழுதறத அப்பால எழுதிக்கலாம்." வியாழக்கிழமை முகமூடி கட்டி, நைலான் துணியில் வடிகட்டி, மெல்லிசாக மூன்று முறை அடித்தேன். அன்று மட்டும் என் நாட்குறிப்பில் நேரங்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்தான். பையை வைக்குமுன் வண்டியைச் சுற்றினான், குனிந்தான், முகர்ந்தான். "தின்னர் வாசனை வருதே மாமா." பிறகு இடது மூடியைத் தடவி, "இங்கதான் ஏதோ பண்ணியிருக்கீங்க. கலர் கொஞ்சம் மாறியிருக்கு" என்றான்.

பேசாமல் இருந்திருக்கலாம். மனைவி கண்ணால் அதைத்தான் சொன்னாள். ஆனால் தவறான பதிவு ஒன்று என் கண்ணெதிரே நிலைத்துவிடுவதை என்னால் தாங்க முடியவில்லை. "அந்தப் பக்கம் இல்லடா, இந்தப் பக்கம்" என்றேன். அவன் வலது மூடியை வெகுநேரம் பார்த்தான். "இதுவா? சும்மா சொல்லாதீங்க." மாடியில் நீலம் படிந்து கிடந்த என் செருப்பைக் கொண்டுவந்து காட்டித்தான் நம்ப வைத்தேன். அடுத்த வாரம் சாவியைத் தானே நீட்டினான், கூடவே அந்தத் துணியையும்.

இது நடந்து மூன்று கோடை ஆகிறது. போன மாதம் மச்சானே ஒரு பார்க்கிங்கில் முன்பக்கத்தைக் கீறிக்கொண்டான். நான் அட்டையோடு அக்காவிடம் போய், அந்த மூன்றாவது நிறம் என்ன என்று கேட்டேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெனப்பில்ல சார். தெரிஞ்சாலும் இப்போ ஆவாது. பார்ட்டக் கழட்டினு வாங்க."

கழற்றிக்கொண்டு போனேன். இந்த முறை போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். புது அட்டையில் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன். பழைய அட்டையில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. பச்சையாக இருக்கலாம் என்று மச்சான் சொல்கிறான். அவன் அங்கே இல்லை. மூன்றாவது நிறம்: இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.