ஒருத்திக்கு மட்டும் லீவு

எங்கள் பள்ளி துறைமுகச் சாலைக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, மூன்று டீச்சர்கள். காலையில் தனியார் பள்ளி வேன்கள் வந்து தெருவில் பாதிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். மீதிதான் எங்களுக்கு. அந்த மீதியை யாராவது குறைவாகப் பேசினால் நான் சண்டைக்கே போவேன். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில்கூடப் போயிருக்கிறேன்.

வருடா வருடம் பிள்ளைகளின் விவரங்களைச் செல்போனில் ஏற்ற வேண்டும். சாதி, தாய்மொழி, தகப்பனார் தொழில். விசைப்படகில் போகிறவர், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர், உப்பு வாருகிறவர் எல்லோருக்கும் அதில் பொருந்தி வருகிற சொல் கூலி ஒன்றுதான். மூச்சடக்கிக் கடலுக்கடியில் சங்கு எடுக்கிறவரும் கூலியாம். எனக்கு எரிச்சலாக வரும். தாய்மொழிக் கட்டத்தில் இந்தி என்று போட வேண்டிய அக்காளும் தம்பியும் என் வகுப்பில் இருந்தார்கள். பீகாரிலிருந்து வந்து ஆறே மாதத்தில் 'ஏலே' போட்டுச் சண்டை பிடிக்கப் பழகிவிட்டார்கள். அதை எழுதத்தான் கட்டம் இல்லை.

நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பதினாறு பேர். வாசிக்கிற திறனை வைத்துப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்திருப்போம். எழுத்து மட்டும் தெரிந்தால் அரும்பு, சொல் வாசித்தால் மொட்டு, பத்தி வாசித்தால் மலர். அந்த வருடம் தை மாதத்துக்குள் எல்லோரையும் எப்படியோ மொட்டுக்கு ஏற்றிவிட்டேன், ஒருத்தியைத் தவிர. அவளுடைய அம்மாவும் அப்பாவும் உப்பளத்தில் வேலை செய்தார்கள். வேலை இருக்கிற அளத்துக்கெல்லாம் மாறி மாறிப் போனதில் ஒன்றாம் வகுப்பு பாதியும் இரண்டாம் வகுப்பு பாதியும் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. ப, ட, கு என்று தனித்தனியாகச் சரியாகச் சொல்வாள். அப்புறம் புத்தகத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், சொல் அங்கே எழுதியிருக்கிற மாதிரி.

மாசியில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து மூன்றாம் வகுப்பைச் சோதிக்கப் போவதாகத் தகவல் வந்தது. நாங்கள் பெரிய டீச்சர் என்று கூப்பிடும் தலைமையாசிரியை ஒரு வாரமாகத் தூங்கவில்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. இன்னும் குறைந்தால் ஒரு டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். நல்ல முடிவு வந்தால் வாசலில் பேனர் கட்டலாம், வேனில் போகிற நாலு பிள்ளைகளாவது இந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்கள் கணக்கு. முந்தின நாள் காலையில், "நாளைக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும், என்ன?" என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதியை நானாகவே செய்தேன்.

மத்தியானம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"ஏளா, நாளைக்கு நீ வர வேண்டாம். அம்மாட்ட சொல்லிரு."

"லீவா டீச்சர்?"

"ஆமா. ஒனக்கு மட்டும்."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற பிள்ளைகளிடம் போய், "எனக்கு மட்டும் லீவாக்கும்" என்று பீற்றிக்கொண்டாள். பார்க்கச் சகிக்காமல் நான் வகுப்புக்குள் போய்விட்டேன்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள், கூட்டச் சொன்னார்கள். பீகார் பிள்ளைகள் இரண்டும் தண்ணீர் மாதிரி வாசித்தன. போகும்போது இருவரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

அதற்கு அடுத்த நாள் அவள் வந்தாள். விந்தி விந்தி நடந்தாள். குதிகாலிலும் விரலிடுக்கிலும் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். அம்மாவோடு அளத்துக்குப் போனாளாம். வேறு எங்கே போவாள்? பெற்றவர்கள் கருக்கலிலேயே கிளம்பிவிடுகிறார்கள். காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் அவளுக்குப் பள்ளியில்தான். நான் கொடுத்த லீவு நாள் முழுக்க அவள் வெயிலில் உப்புத் தண்ணீருக்குள் நின்றிருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற எனக்கு அது தோன்றவில்லை. மருந்து போட்டுவிட்டேன். "எரியுது டீச்சர்" என்றாள். அவளை வர வேண்டாம் என்றது நான்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் அரைமணி நேரம் அவளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதை முன்னாலேயே செய்திருக்கலாம்.

முடிவு வந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். எங்கள் மூன்றாம் வகுப்பு மாவட்டச் சராசரிக்கு மேலே என்று பெரிய டீச்சர் வாசித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மற்றவர்கள் நிறுத்தின பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேலே ஆண் சட்டை. அளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். நான் லீவு கொடுத்த பிள்ளையின் அம்மா.

கூட்டம் முடிந்து என்னிடம் வந்தாள். "டீச்சர், எம்பிள்ளையும் அந்த மார்க்குல உண்டுல்லா?"

உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லம்மா. அன்னைக்கு நான்தான் அவள வர வேண்டாம்னுட்டேன். வாசிக்க மாட்டான்னு பயந்துட்டேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்ட வேண்டும் என்றுகூட ஆசையாக இருந்தது. அவள் சற்று யோசித்தாள், பிறகு தலையை ஆட்டினாள்.

"அதுவும் சரிதான். அவ இருந்திருந்தா இவ்வளவு வந்திருக்காது. அடுத்த பரீட்ச என்னைக்குன்னு ரெண்டு நாளு முந்தியே சொல்லிருங்க டீச்சர். நான் அளத்துக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"அடுத்த பரீட்சைக்கு அவ கட்டாயம் வரணும்மா. முத ஆளா அவளத்தான் உக்கார வைப்பேன்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பெரிய டீச்சர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தி, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர். எம்பிள்ளையால ஒங்களுக்கு எதுக்குக் கெட்ட பேரு?"