உயிரோடிருப்பவர் கழுத்துக்கு ஒரு மாலை

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த ஆடியோடு ஓராண்டு ஆகிறது. நினைவு மலர் என்றால் நல்லதாகவே எழுத வேண்டும் என்கிறார்கள். அண்ணனைப் பற்றி நல்லது எழுத எனக்கு ஒரு சிரமமும் இல்லை. இருக்கிறவர்களைப் பற்றித்தான் சிரமம்.

அண்ணன் சென்னீர்குப்பத்தில், பூத்தோட்டம் வைத்துப் பிழைத்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலராவில் போனபோது நான் கைக்குழந்தை. அன்று முதல் தோட்டத்தையும் அம்மாவையும் என்னையும் தாங்கியவர் அவர்தாம். "பொட்டப்புள்ளைக்குப் படிப்பு இன்னாத்துக்கு?" என்று உறவுக்காரர்கள் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

தோட்ட வேலை போக மற்ற நேரமெல்லாம் அவருக்குச் சடுகுடுதான். கோடையில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் உள்வாங்கியதும் கரையோரம் கோடு கிழித்துவிடுவார்கள். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிர்க் கட்சிக்குள் நுழைந்தால், இரண்டு மூன்று பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டார். ஜெயித்த நாளில் அவருக்கு மாலை போட்டு, எங்கள் தாய்மாமன் மகன் தோளில் தூக்கி வருவார். அந்த மாமன் மகன் அண்ணனிடம்தான் ஆட்டம் கற்றவர். எனக்கு முறைமாப்பிள்ளையும்கூட.

மீசை முறுக்கும் வயதில் அண்ணனுக்குச் சயரோகம் வந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்தார். இனி மூச்சடக்கி ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனாலும் மனம் கேட்காமல் ஏரிக்கரைக்குப் போனார். அப்போது கட்சிக்குத் தலைவராகியிருந்த மாமன் மகன், "மச்சான், நீ செத்த ஆளு. ஓரமா குந்திக்க" என்றார், சிரித்துக்கொண்டே.

சடுகுடுவில் தொடப்பட்டு வெளியே வந்தவனைச் செத்தவன் என்பார்கள். தன் கட்சிக்காரன் எதிரிகளில் ஒருவனைச் சாகடித்தால், இந்தச் செத்தவன் எழுந்து மறுபடி உள்ளே போகலாம். அண்ணன் அந்தக் கோடை முழுவதும் ஓரத்தில் குந்தியிருந்தார். கோட்டுப் பக்கம் நடுவராக நின்று தப்பு ஆட்டம் பார்க்கக்கூட யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தண்ணீர் கேட்டால், பானையைத் தொடவிடாமல் கையில் ஊற்றினார்கள். அடுத்த கோடையில் அவர் போகவில்லை.

மண்வெட்டி பிடிக்கவும் மூச்சு போதாததால், உட்கார்ந்து செய்கிற வேலையாக மாலை கட்ட முனைந்தார். வாங்கிய மாலைகளைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். எதிராளியின் காலை மடக்கிப் பிடித்த கைக்கு வாழைநார் அறுந்து அறுந்து போயிற்று. அண்ணன் திட்டாத திட்டு இல்லை. போகப்போக, அவர் கட்டும் சம்மங்கி மாலைக்கு இந்த வட்டாரத்தில் ஈடில்லை என்றானது. ஆனால் சயரோகக்காரன் தொட்ட பூ கோயிலுக்கு ஆகாதாம், கல்யாணத்துக்கும் ஆகாதாம். சாவுக்கு மட்டும் ஆகுமாம். பிணத்துக்கு ரோகம் ஒட்டாது என்று கண்டுபிடித்த புத்திசாலிகள் நம் சொந்தக்காரர்களே.

"உசுரோட கீறவன் ஒருத்தன் கழுத்துல என் மாலை ஏறணும், தங்கச்சி. அது போதும் எனக்கு" என்று அண்ணன் அடிக்கடி சொல்வார்.

மாமன் மகன் கட்சி பட்டணத்துப் பந்தயத்தில் ஜெயித்தபோது, அண்ணன் ரோஜாவும் மருக்கொழுந்தும் வைத்துத் தாமே ஒரு மாலை கட்டி எடுத்துப் போனார். மாமன் மகன் அதைக் கையில் வாங்கிப் புளியமரக் கிளையில் மாட்டினார். "கோச்சிக்காத மச்சான். ஊட்ல நைனா பயப்படுறாரு" என்றார். அதே வாரம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, எனக்கும் அவர் மகனுக்கும் நடக்க இருந்த கல்யாணத்தில் அண்ணன் பூவைத் தொடக்கூடாது என்றார். அம்மா தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. சம்பந்தம் முறிந்தது. "எனக்காவ வாழ்க்கைய கெடுத்துகினியே" என்று அண்ணன் அழுதார்.

பிறகு மாமா காலமானார். மாலைக்கு எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வந்தது. அண்ணன் ஒரு குறையும் வைக்காமல் கட்டிக் கொடுத்தார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

போன ஆண்டு ரோகம் திரும்பி வந்தது. யுத்தத்தில் மருந்துக்கும் தட்டுப்பாடு. ஒரு நாள் காலையில் கஞ்சி கேட்டார். ஆற்றிக்கொண்டு வருவதற்குள் அடங்கிவிட்டார்.

பட்டணத்து டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் அவரைக் கவனித்த நர்ஸம்மாளுக்கும் எங்கள் நன்றி. காகிதம் கிடைக்காத காலத்தில் இந்த மலரை அச்சிட்டுத் தந்த அச்சுக்கூட முதலாளிக்கு நன்றி. சாவுக்கு வந்து போன உறவினர்களுக்கு, மாமன் மகன் உட்பட, முறைப்படி நன்றி.

அதே அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் என் கணவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை அழைப்பில் பெண்ணின் உடன்பிறந்தவர்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டும். அன்று வேறு யாராவது போடட்டும் என்று இரண்டு பக்கத்தாரும் முணுமுணுத்தார்கள். "மச்சான் கீறப்போ வேற ஆளு இன்னாத்துக்கு? நீங்க கட்டினத நீங்களே போடுங்க மச்சான்" என்று சொல்லி அவர் கழுத்தை நீட்டினார். அண்ணன் மாலையைப் போட்டார். அவர் மாலையை உயிரோடு போட்டுக்கொண்ட ஆண்பிள்ளை என் கணவர் ஒருவர்தாம். மற்றவர்கள் பாடையில் படுத்த பிறகுதான் போட்டுக்கொண்டார்கள்.