நெருஞ்சி முளைக்காத ஊரில் நீர்க்கடுப்பு

இங்கே மழைக்குக் குறைவில்லை. கிணறு வற்றி நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் இந்த மலாய்ச் சீமையில், ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவப் போகும் பெண்கள் காலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்றால், ஊரில் இருக்கிற நீங்கள் நம்ப மாட்டீர்கள். குடித்தால் ஒதுங்க வேண்டிவரும், அதுதான் காரணம். ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. அடியில் ஒரு புதர் கிடையாது. நிமிர்ந்தால் வேலையை மேற்பார்க்கும் கங்காணி தெரிவார். ஆளுக்கொரு நிரை மரம் என்பதால் துணைக்கும் ஆளில்லை. பால் நிறுக்கும்வரை அடக்கிக்கொள்வதுதான் இங்கே பெண்பிள்ளையின் சாமர்த்தியம். நானும் அந்தச் சாமர்த்தியசாலிகளில் ஒருத்திதான்.

ஊரில் விடியுமுன் தாழம்புதர்ப் பக்கம் கூட்டமாகப் போவோம். மாமியார் பொல்லாப்பு, மாட்டு வியாபாரம், எல்லாம் அங்கேதான் அலசப்படும். எவளாவது அடிக்கடி குந்தினாலோ, முகத்தைச் சுளித்தாலோ மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பாது. "என்னடி, நீர்க்கடுப்பா?" என்று கேட்டு, வெயில் ஏறுவதற்குள் யாராவது நெருஞ்சியைப் பிடுங்கிக் கஷாயம் போட்டுவிடுவார்கள். காலில் குத்தியபோதெல்லாம் அந்த நெருஞ்சியைத் திட்டியிருக்கிறேன். இந்தச் செழித்த சீமையில் தேடினால் ஒரு செடி இல்லை. அந்தப் பெண்களை நினைத்து எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன். மருதாயிக்கு உடம்புக்கு வந்தபோது ஏங்கியதுபோல் எப்போதும் இல்லை.

கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீடுகளில் மருதாயி எனக்கு அடுத்த கதவு; கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அக்கா, ஒன்னுக்குப் போனா நெருப்பாட்டம் எரியுது. சொட்டுச் சொட்டா வருது. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

உடம்புச் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம். பச்சிலை கேட்கலாமென்று பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, மலாய்க்காரி ஒருத்தியிடம் போனேன். அவள் பாஷை எனக்கு வராது. அடிவயிற்றைத் தொட்டு முகத்தைச் சுளித்துக் காட்டினேன். நான் பிள்ளையுண்டாகியிருக்கிறேன் என்று எண்ணி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, மடி நிறையக் கோழிமுட்டை கொடுத்தனுப்பினாள். நல்ல மனுஷி. முட்டையைத் தின்றோம், எரிச்சல் போகவில்லை.

பிறகு குளிரும் காய்ச்சலும் வந்தன. தோட்டத்தில் நடுக்கம் என்றாலே மலேரியாதான். உடனே கொயினா மருந்து. மருதாயி மறுபேச்சில்லாமல் குடித்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸ்ஸர் ஐயா, "வேற என்ன செய்யுது?" என்று கேட்டதற்கும் "ஒன்னுமில்லீங்க" என்றாள். ஆண்பிள்ளையிடம் அதைச் சொல்வாளா? ஆனால் முதுகில் ஒரு பக்கம் வலித்து, வாந்தியெடுத்து, அவள் பிதற்றத் தொடங்கினாள். மானம் போனால் போகட்டும், உயிர் நிற்கட்டும் என்று டிரெஸ்ஸரிடம் ஓடினேன். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "இது மலேரியா இல்லம்மா. கிருமி மூத்திரப் பையில இருந்து குண்டிக்காய் வரைக்கும் ஏறிடுச்சு. எரிச்சல் மட்டும் இருந்தா நெறைய தண்ணி குடிக்கணும், அடக்கக் கூடாது. ரெண்டு நாள்ல போகலன்னா இங்க வரணும். காய்ச்சல், முதுகுவலி, ரத்தம், இதுல எது வந்தாலும் அன்னைக்கே வரணும். புள்ளத்தாச்சின்னா லேசா எரிஞ்சாலே வரணும்."

"உங்ககிட்ட எப்படிங்கய்யா சொல்றது?"

"என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க. அவ எங்கிட்ட சொல்லுவா."

அன்றே மருதாயியை ரயிலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கலவை மருந்தும் பார்லித் தண்ணீரும் கொடுத்துப் படுக்கையிலேயே கிடத்தினார்கள். பிழைப்பாளா என்று அங்கேயும் உறுதி சொல்லவில்லை. சாமி புண்ணியம், பிழைத்தாள்.

இதற்குள் தோட்டத்தில் நாங்கள் பக்கத்து நிரைக்காரியைக் கூப்பிட்டுக்கொள்ளப் பழகியிருந்தோம். ஒருத்தி ஒதுங்க, இன்னொருத்தி சேலையை விரித்து மறைப்பாள். கங்காணி முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

மருதாயியை நானும் அவள் புருஷனும் போய் அழைத்துவந்தோம். ரெங்கம் ஸ்டேஷனில் இறங்கினோம்; நாங்கள் வந்த ரயில் அப்படியே சிங்கப்பூர் போவது, இன்னும் கிளம்பவில்லை. சிங்கப்பூர் போனால் ஊருக்குக் கப்பல் இருக்கிறது. அவன் கேட்டான்: "ஊருக்கே போயிடலாமா, மருதாயி?"

"அங்க நம்ம மனுஷங்க இருக்காங்க," என்றாள். "ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

ரயில் கிளம்பிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வாங்க, வீட்டுக்குப் போலாம்," என்றாள். லயத்தை அவள் அதுவரை வீடு என்று சொன்னதே இல்லை. சொன்ன பிறகுதான் அது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள்.