கழுவக் கூடாத ஸ்பாஞ்சு

செக்கர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். முப்பத்தொரு வருஷம் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். வேலை போய் இரண்டு வருஷமாகிறது. வேலைப் புத்தி போக மாட்டேன் என்கிறது. பால் பாக்கெட் வந்தால் தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் அடுப்புக்குப் போகும். வாழைப்பழத்தைக்கூட, அது பின்பக்கம் எதையோ மறைக்கிற மாதிரி திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார். “கல்யாணத்தப்போ என்னையும் எடை போட்டுத்தான் கூட்டிட்டு வந்தார்” என்று மனைவி அவர் காதுபடவே சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய் ஒரு மீனை ஒப்படைத்தாள் மகள்.

சும்மா விரல் நீளக் கலர் மீன் இல்லை. ஆஸ்கர் என்கிற ஜாதி. தலையிலிருந்து வால்வரை முழு ஒரு அடி, கறுப்பு உடம்பில் செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக. ஏழு வருஷமாக மகள் தன் வாடகை வீட்டில் வளர்த்தது. ஆளை அடையாளம் தெரியும், பசித்தால் கண்ணாடியை முட்டும், கோபம் வந்தால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு செத்த மாதிரி நடிக்கும். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள், அதற்கு ‘தம்பி’ என்றே பேர் வைத்திருந்தாள். இப்போது ஒரு வருஷம் வெளியூரில் வேலை, தங்குவது விடுதியில். பழைய தொட்டியும் ஓரத்தில் கசிய ஆரம்பித்திருந்தது. அம்மா நச்சரித்து நச்சரித்துத்தான், அப்பா வீட்டில் புதுத் தொட்டி வைக்கச் சம்மதித்தாள்.

நச்சரிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. அவள் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு நாள் அவள் ஏறிய பேருந்தில் அப்பாவே பரிசோதனைக்கு ஏறினார். பாஸை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றாள். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, “பாஸை எந்த சிநேகிதிக்குக் கொடுத்தே?” என்று கேட்டார் பெற்ற தகப்பன். அபராதச் சீட்டு எழுதி, நடு வழியில் இறக்கியும் விட்டார். மகள் என்று விட்டால் நாளைக்கு எவன் மதிப்பான் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை, எதையும் கொடுத்ததுமில்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல்முதலாகக் கொடுத்தது இந்த மீன். இதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று செக்கர் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தார்.

தொட்டி ஐந்தடி நீளம். கலர் மீன் கடைக்காரர் ஒரு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அதிகம் பேசாத ஆள். பேசாத ஆள் என்றாலே செக்கருக்குச் சந்தேகம். கண்ணாடியின் கனத்தை ஸ்கேல் வைத்து அளந்தார். இரும்பு ஸ்டாண்டு ஆடுகிறதா என்று மேலே ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தார். நானூறு லிட்டர் பிடிக்கும் என்று சொன்னதற்காக, டிரம்மில் ஒரு நாள் குளோரின் போக வைத்திருந்த தண்ணீரை இருபது லிட்டர் வாளியால் எண்ணி எண்ணி ஊற்றினார். பத்தொன்பதரை வாளியில் நிரம்பிவிட்டது. பத்து லிட்டர் எங்கே என்று கேட்டார். அடியில் மணல் போட்டிருக்கிறதே சார் என்றார் கடைக்காரர். செக்கர் அரை மனசாகத் தலையாட்டினார்.

வம்பு ஃபில்டரில் வந்தது. புதுப் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளை ஸ்பாஞ்சை எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு, கடைக்காரர் தன் பையிலிருந்து சாக்கடை நிறத்தில் ஒரு துண்டை எடுத்து அதில் சொருகினார். சேறு மாதிரி ஒரு வாடை. உங்க பொண்ணோட பழைய தொட்டியில் இருந்தது சார் இது, மீன் கழிவில் இருக்கிற விஷத்தைத் தின்கிற கிருமிகள் இதில்தான் குடியிருக்கு, புது ஸ்பாஞ்சில் அது உருவாக ஒரு மாசத்துக்கு மேல் ஆகும் என்று விளக்கினார். “இதை மட்டும் கழுவிடாதீங்க சார். அழுக்கா இருந்தாத்தான் மீன் உயிரோட இருக்கும்.”

அழுக்கை விற்கிறவனை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. அந்தப் பையைத் திறக்காதீங்க என்று எவன் சொல்கிறானோ அவன் சரக்கு அந்தப் பையில்தான் இருக்கும். முப்பத்தொரு வருஷ அனுபவம் அது. புது ஸ்பாஞ்சை அமுக்கிக்கொண்டு பழசைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு கட்டினார். வெள்ளை ஸ்பாஞ்சு அங்கேயே ஜன்னல் மேடையில் கிடந்தது, அதையும் பார்த்தார். பார்த்தும் என்ன, சந்தேகம் வந்துவிட்டால் கண்ணா முக்கியம்?

மகளும் வந்து தம்பியைத் தொட்டியில் விட்டுவிட்டு, அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்பினாள்.

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நாலாவது நாள் காலையில் மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து ஃபில்டரைத் திறந்து, அந்தத் துண்டைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டு மூன்று தடவை அலசினார். பழுப்புத் தண்ணீர் ஓடி ஓடி, கடைசியில் பளிச்சென்று ஆனது. மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டு எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். ஒரு பெரிய திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த திருப்தியில் அன்றைக்கு மத்தியானம் நன்றாகத் தூங்கினார்.

இரண்டு நாளில் தம்பி சாப்பிடுவதை நிறுத்தியது. முதலில் நடிக்கிறது என்றார் செக்கர். பிறகு தீனி உருண்டை கலப்படம் என்றார். நீ கூடுதலாகப் போட்டிருப்பாய் என்று மனைவி மேல் பாய்ந்தார். இனி நீங்களே போடுங்க என்று அவள் தீனி டப்பாவைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் தண்ணீர் கலங்கிப்போனது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் முகத்தைக் கொண்டுபோனபோது அது விலகிப் போனது. இது செத்தால் மகளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது?

வேறு வழியில்லாமல் கடைக்காரருக்குப் போன் போட்டார். மருந்து விற்க ஓடிவருவான் என்று போனை வைக்கும்போதே முணுமுணுத்தார். கால் மணி நேரத்தில் வந்தவர் மருந்து எதையும் எடுக்கவில்லை. நேராக ஃபில்டரைத் திறந்தார். உள்ளே ஸ்பாஞ்சு புதுத் துண்டு மாதிரி இருந்தது.

“எப்போ சார் கழுவுனீங்க?”

“யார் கழுவுனது?” என்றார் செக்கர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார்.

டிக்கெட் எடுக்காதவன் அப்படித்தான் பார்ப்பான். பேருந்தில் ஏறின அடுத்த நொடியே அந்தப் பின்கழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார் செக்கர். இன்றைக்கு அந்தக் கழுத்து தன் கழுத்து என்று அவருக்கே தெரிந்துபோய், காது இரண்டும் சூடாகிவிட்டன. திரும்பி, “நான்தான். மூணு தடவை. வெந்நீர்ல” என்றார்.

கடைக்காரர் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றச் சொன்னார். பிறகு தன் பையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கட்டிய ஒரு கவரை எடுத்தார். உள்ளே அதே சாக்கடை நிறத்தில், அதே அளவில், இன்னொரு துண்டு.

“உங்க பொண்ணு ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே பழைய ஸ்பாஞ்சை ரெண்டா வெட்டிட்டாங்க சார். பாதியை என் கடைத் தொட்டியில போட்டு வைக்கச் சொன்னாங்க. அப்பா எப்படியும் கழுவிடுவார், ஒரு வாரம்கூடத் தாங்காதுன்னாங்க.”

செக்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். சந்தேகப்படுகிறவனுக்கு அது வேலை, சந்தேகத்துக்கு ஆளாகிறவனுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும். அறுபது வயதில் அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவமானம்தான், வேறென்ன. கடைக்காரர் அந்தத் துண்டை அவர் கையிலேயே கொடுத்தார். வாடை அடித்தது. முகர்ந்து பார்க்காமல், திருப்பிப் பார்க்காமல், அப்படியே கொண்டுபோய் ஃபில்டரில் வைத்தார்.

தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினார். ஐந்தாம் நாள் தம்பி வந்து கண்ணாடியை முட்டியது. அன்று மத்தியானம் மகளுக்கு அவரே போன் செய்தார். வழக்கமாக மனைவிதான் பேசிவிட்டுக் கொடுப்பாள்.

“கழுவிட்டேம்மா” என்றார்.

“தெரியும்ப்பா. கடைக்காரர் சொன்னார்.”

செக்கர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உன் பஸ் பாஸ். அன்னைக்கு சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் மேஜை மேல பார்த்தேன். பார்த்துட்டு உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். தப்பு என் மேலதான்.”

“நீங்க பார்த்ததை நான் பார்த்தேன்ப்பா” என்றாள் மகள். “கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். சொல்வீங்கன்னு நினைச்சேன்.”

பதினோரு வருஷம் அவள் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். போனை மனைவியிடம் கொடுத்துவிடலாமா என்று பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றாள்.

“தம்பி சாப்பிட்டானா?” என்று கேட்டாள் மகள்.

“சாப்பிட்டான். எட்டு உருண்டை.”

“எண்ணித்தானே போட்டீங்க?”

“எண்ணித்தான் போட்டேன்” என்றார். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். லைன் கட்டாகவில்லை என்று தெரிந்தும், இருக்கியாம்மா என்று இன்னொரு தரம் கேட்டார்.

“இருக்கேன்ப்பா” என்றாள்.