கொலுசு நீள நூல்

கோவில்பட்டியில் அரசு மருத்துவமனையில் நான் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது, தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஓர் அம்மா வருவார். நெடுநெடுவென்ற உடம்பு. விரல் நுனிகளில் தீக்குச்சி மருந்தின் கறை. இடது கால் மட்டும் யானைக்கால்.

சுருக்குப் பையில் ஒரு வெள்ளை நூல் வைத்திருப்பார். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் தன் கொலுசின் நீளத்துக்கு வெட்டியது. பெஞ்சில் உட்கார்ந்ததும் அதைக் கணுக்காலில் சுற்றிப் பார்ப்பார். நுனிகள் சேராது.

ஒருநாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“கழற்சி இலையை வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டுதேன் தம்பி. சாயந்திரம் கட்டும்போது நூலு நுனிக்கு நடுவுல மூணு வெரக்கடை எடவெளி. காலையில அவுத்தா ஒரு வெரக்கடைதான். வத்துதுல்லா?”

படித்த திமிர் எனக்கு.

“காலை நீட்டிப் படுத்தாலே கொஞ்சம் வடியும்மா. ஒரு வாரம் இலை கட்டாம அளந்து பாருங்க.”

பத்து நாள் கழித்து வந்தார். காலில் விளக்கெண்ணெய் மணந்தது.

“நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். கட்டாட்டியும் அம்புட்டுதான் வத்துது.”

“பெறகு ஏம்மா கட்டுதீங்க?”

நூலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

“கட்டாமப் படுத்தா, காலையில நூலை எடுக்கவே மனசு வரல தம்பி.”

மாத்திரையை நிறுத்த வேண்டாம், காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று மட்டும் சொன்னேன். இலையைப் பற்றி அப்புறம் நான் வாய் திறக்கவில்லை.

இன்றும் எங்காவது கொலுசுச் சத்தம் கேட்டால் முதலில் இடது காலைத்தான் பார்க்கிறேன்.